துவக்கில் கட்டிய துண்டு

லுணுகலைக் கடைத்தெருவைத் தாண்டி மேலே ஏறும் தோட்டப் பாதையில் றில்வானின் வேன் முக்கி முனகி ஏறிக்கொண்டிருந்தது. பிற்பகல்தான். ஆனால் ஐப்பசி மழை சற்று விட்டிருந்த நேரம். தேயிலைச் சரிவுகளிலிருந்து பனிமூட்டம் எழுந்து பாதையை மூடத் தொடங்கியிருந்தது. அவர் விளக்கைப் போட்டார். வெளிச்சம் மூட்டத்தில் முட்டித் திரும்பி அவர் முகத்திலேயே அடித்தது.

றில்வானுக்குப் பதுளை பஸாரில் பழைய சாமான் கடை. பித்தளை விளக்கு, சாவி கொடுக்கும் மணிக்கூடு, துரைமார் விட்டுப்போன நாற்காலி என்று எல்லாம் வாங்கி விற்பார். பழைய துவக்குகளை வாங்கி விற்கவும் முறையான லைசன் வைத்திருந்தார். வாய்வழியே கருமருந்தும் ஈயக்குண்டும் போட்டுக் கெட்டிக்கிற அந்தக் காலத்துத் துவக்கு எதுவானாலும், அசலா போலியா, நல்லதா நைந்ததா என்று அவர் பார்த்துச் சொல்லிவிட்டால் கொழும்பில் உள்ளவர்களும் மறுபேச்சுப் பேசமாட்டார்கள். ஐந்து நேரத் தொழுகை தவறாதவர். அளவையில் குறை வைப்பவனைப் பற்றி வெள்ளிக்கிழமை ஜும்ஆவில் பேசப்படும்போதெல்லாம் தலையாட்டிக் கேட்பவர். தம்மிடம் தராசே இல்லாததால், அந்தப் பேச்சு தமக்கில்லை என்று நினைத்திருந்தார்.

தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தின் கடைசிக் காம்பராவில் பெரியாயி காத்திருந்தாள்.

"வாங்க நானா, குனிஞ்சு வாங்க. நெலை இடிச்சிரும்."

உள்ளே விறகுப் புகையும் மண்ணெண்ணெயும் கலந்த வாடை. அதற்குள் பீடி வாடையும் இருந்தது. சுவரில் மாலை போட்ட படம், அவளுடைய புருஷன் ரெங்கசாமி. தோட்டத்துக் காவல்காரராக இருந்தவர். தை மாதத்தில் காய்ச்சலோடு பதுளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். திரும்பி வரவில்லை.

"கிராம சேவகர் ஐயா சொல்லிட்டாரு நானா. லைசன் அவரு பேருல இருந்துச்சு. இனி ஒண்ணு பொலிசுல குடுக்கணும், இல்லாட்டி ஒங்கள மாதிரி லைசன் உள்ள கடைக்குக் குடுக்கணுமாம்." மச்சிலிருந்து சாக்கில் சுற்றிய நீளமான பொருளை இறக்கி, குழந்தையைக் கிடத்துவதுபோலப் பாயில் கிடத்தினாள். "வித்துத்தான் திங்கணும்னு இல்ல. எனக்கு ஒண்ணே ஒண்ணு தெரியணும். இது நல்ல சாமானா? இந்த மாதிரி துவக்கு இந்த மலையிலயே இல்லடின்னு சாகுற வரைக்கும் சொல்லிக்கிட்டு இருந்தாரு. லயமே சிரிக்கும்."

"பார்ப்போம் அக்கா," என்றார் றில்வான்.

அவள் தேத்தண்ணி போட அடுப்படிக்குப் போனாள். அவர் சாக்கைப் பிரித்தார்.

பிரித்ததும் வாசல் வெளிச்சத்துக்குத் திருப்பிப் பிடித்தார்.

அடிக்கட்டை அக்ரூட் மரம். கை பட்டுப் பட்டு மெருகேறியிருந்ததே தவிர எங்கும் ஒட்டுப்போட்ட அடையாளம் இல்லை. திருகாணிகளின் தலையில் கோடுகள் கூர்மையாக இருந்தன. யாரும் கண்டபடி கழற்றிப் பூட்டவில்லை என்று அர்த்தம். போலிகளுக்கு அமிலம் பூசித் துருப்பிடிக்க வைப்பார்கள். அந்தத் துரு செம்மண் மாதிரி உதிரும். இது அப்படியல்ல. ஆறின காப்பி நிறத்தில் இரும்போடு இரும்பாக ஊறிப்போயிருந்தது. செய்தவன் பெயரும் ஊரும் தேயாமல் இருந்தன. குதிரையின் மேல், அதாவது மருந்தைப் பற்றவைக்கும் சிறு செம்பு மூடியான கேப்பின் தலையில் விழுந்து அடிக்கும் அந்த வளைந்த இரும்பின் மேல், பழைய கட்டம்போட்ட துண்டு ஒன்றைக் கிழித்துச் சுற்றியிருந்தது. துண்டோடு சேர்த்தே குதிரையைக் கட்டைவிரலால் பின்னுக்கு இழுத்தார். டிக். இன்னும் கொஞ்சம். டிக். புது மணிக்கூடு மாதிரி இரண்டு சத்தம். மெதுவாக இறக்கினார்.

கைபேசி விளக்கைக் குழல் வாயில் பிடித்து உள்ளே பார்த்தார். உட்சுவரில் கயிறு முறுக்கியதுபோல வரிகள் சுழன்று சுழன்று கீழே இறங்கின. தேய்மானமே இல்லை. அடியில் ஏதோ மங்கலாக மினுங்கியது, பாதி மூடிய கண் போல. குழலின் அடித்தட்டு என்று எண்ணிக்கொண்டார்.

பழைய துவக்கைக் கையில் எடுத்தால் முதலில் செய்யவேண்டிய வேலை ஒன்று உண்டு. குழலுக்குக் கீழே செருகியிருக்கும் இடிகம்பியை எடுத்து உள்ளே அடிவரை விட வேண்டும். வாயருகே விரலால் அடையாளம் பிடித்து, வெளியே எடுத்துக் குழலின் மேல் வைத்து அளக்க வேண்டும். கம்பி குதிரை இருக்கும் இடம்வரை எட்டினால் குழல் வெறுமை. எட்டாவிட்டால் மருந்தும் குண்டும் உள்ளே இருக்கின்றன. காதுக்கும் தெரிந்துவிடும். வெறுங்குழலில் கம்பி விழுந்தால் 'டிங்' என்று இரும்பு பேசும். கெட்டித்த குழலில் 'தொப்' என்று அடங்கும்.

றில்வான் கம்பியைப் பாதி உருவிவிட்டார். அடுப்படியிலிருந்து காலடி கேட்டது.

சட்டென்று கம்பியைப் பழையபடி செருகினார். இவ்வளவு பக்குவமாக அளக்கிறவன் குப்பையை அளக்கமாட்டான் என்று அவளுக்குத் தெரிந்துவிடுமே.

பெரியாயி தேத்தண்ணி கொண்டுவந்தாள். வீட்டிலிருந்த ஒரே பூப்போட்ட கோப்பை அது. அவளுக்குப் பின்னால், வாசலில் பக்கத்துக் காம்பரா ஜெயரூபனும் இன்னும் இரண்டு பேரும் வேடிக்கை பார்க்க நின்றார்கள்.

"என்னா நானா, எப்படி?" என்று அவள் கேட்டாள். கண்ணில் அப்படி ஒரு ஆசை.

பழைய சாமான் வாங்குகிறவர்கள் உடையவர் முன்னால் எதையும் நல்லது என்று சொல்லமாட்டார்கள். றில்வான் முப்பது வருடமாகச் சொன்னதில்லை. நாக்கு தானாகப் புரண்டது.

"இதுல ஒன்டும் இல்ல அக்கா. குழல் உள்ளுக்கு எல்லாம் துரு திண்டு ஈக்குது. பூட்டும் ஆட்டம். இரும்புக் கடைக்கித்தான் சரி. நீங்க இவ்வளவு தூரம் கூப்பிட்டதுக்கு நான் எடுத்திட்டுப் போறேன்."

ஜெயரூபன் வாய்விட்டுச் சிரித்தான். "நான் அப்பவே சொன்னேன்ல! மாமா வெச்சிருந்தது துவக்கு இல்ல, அடுப்பூதுற கொழல்னு. அத வெச்சுக்கிட்டு அவரு நடந்த நடை என்னா, பீத்துன பீத்தல் என்னா!"

மற்றவர்களும் சிரித்தார்கள். பெரியாயியும் சிரிக்க முயன்றாள். பிறகு திரும்பிப் படத்தைப் பார்த்தாள்.

அந்தப் பார்வையை றில்வான் பார்த்துவிட்டார். கோப்பையை உயர்த்தி முகத்தை மறைத்துக்கொண்டார்.

இரும்பு விலைக்குக் கொஞ்சம் காசு கொடுத்து, கையெழுத்தெல்லாம் முடிந்து அவர் புறப்படும்போது அவள் கேட்டாள், "வீட்ல பிள்ளைங்க இருக்கா நானா?"

"ஒரு மகள். அஸ்னா. பன்னெண்டு வயசு."

அவள் குனிந்து, குதிரையில் சுற்றியிருந்த துண்டை இழுத்துச் சரிசெய்து, மேலே இன்னொரு முடிச்சுப் போட்டாள். "அவரு தலையில கட்டுற துண்டு. பிள்ளைங்க பொழங்குற எடம்னு எப்பவும் இப்படிக் கட்டித்தான் வெப்பாரு. ஒங்க வீட்லயும் இது அவுராம இருக்கட்டும்."

பசறைப் பக்கம் திரும்பும் வளைவில் றில்வான் வேனை ஓரங்கட்டினார். அந்தப் பூட்டை முழுதாகப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. இரட்டை முடிச்சை அவிழ்த்தார். கீழே பச்சையும் கறுப்புமாக ஒரு பழைய கேப் பிடித்துப் போயிருந்தது. எப்போதோ வெடித்த கேப்பின் தோல் என்று நினைத்தார். துண்டு பீடி வாடை அடித்தது. கண்ணாடியை இறக்கி அதைப் பள்ளத்துப் பக்கம் வீசினார்.

வேன் நகர்ந்தபோது பின்பக்கக் கண்ணாடியைப் பார்த்தார்.

மூட்டத்துக்குள் யாரோ குனிந்து எதையோ எடுத்தார்கள்.

வீட்டுக்கு வந்ததும் கடைக்குப் பின்னாலுள்ள அறையில் துவக்கைச் சாய்த்து வைத்தார். அளந்து பார்க்க வேண்டும் என்று நினைத்துக் கையை நீட்டும்போதே, வழக்கமாக வாங்கும் கொழும்புக்காரரிடமிருந்து அழைப்பு வந்தது. "துவக்கு இல்ல சேர், மாணிக்கம்! இப்பிடி ஒன்டை நான் கண்டதே இல்ல," என்று அவர் சொல்லிக்கொண்டிருக்கும்போது மாலை மஃரிப் தொழுகைக்குப் பாங்கு சொன்னது. அளப்பது மறந்துபோயிற்று.

தொழுகையில் நெற்றியைத் தரையில் வைத்திருந்தபோதுதான் அது கேட்டது.

தொப்.

பின்னறையிலிருந்து. மண்ணில் எதுவோ விழுந்து அடங்குகிற சத்தம்.

தொழுது முடித்துப் போய் விளக்கைப் போட்டார். துவக்கு வைத்த இடத்திலேயே இருந்தது. இடிகம்பி மட்டும் குழலுக்குக் கீழே செருகிய இடத்தில் இல்லை. குழலுக்குள் நின்றது. குதிரையில் கட்டம்போட்ட துண்டு கட்டியிருந்தது. இரட்டை முடிச்சு.

துண்டிலிருந்து நீர் சொட்டியது.

"ஜெமீலா!" என்று மனைவியைக் கூப்பிட்டார். "இந்தத் துண்டை ஆரு கட்டின?"

"எனக்கென்ன விசரா, அந்தச் சனியனைத் தொட?" என்றாள் ஜெமீலா, வாசலிலேயே நின்று. பிறகு மூக்கைச் சுளித்தாள். "நீங்க எப்ப இருந்து பீடி குடிக்கிற?"

றில்வான் துண்டை முகர்ந்து பார்த்தார். துண்டு பாதையிலிருந்து வேனில் எங்கோ சிக்கி வந்திருக்கும், கம்பியைத் தாமே மறதியாக விட்டிருப்போம் என்று தமக்குத் தாமே சொன்னார். நம்பவில்லை. ஆனால் அதை நம்பாவிட்டால் வேறொன்றை நம்ப வேண்டும். செத்தவன் தன் பொருளைக் கேட்டு வந்திருக்கிறான் என்று. பயத்தில் அளக்கும் நினைவே வராமல், கம்பியை உருவிப் பழைய இடத்தில் செருகினார். துண்டை அவிழ்த்து முற்றத்துக் குப்பை வாளியில் போட்டு, மூடி, மேலே கல்லைத் தூக்கி வைத்தார். காவலுக்கு ஓதும் ஆயத்துல் குர்ஸி வசனத்தை ஓதி அறையில் ஊதினார்.

ஓதும்போது பெரியாயி படத்தைத் திரும்பிப் பார்த்தது நினைவுக்கு வந்தது. ஓதல் பாதியில் இடறியது.

மறுநாள் மழை. கடையில் ஆளில்லை. பிற்பகலில் மின்சாரம் போய், பஸாரே கரிபிடித்த பானைக்குள் இருப்பதுபோல் இருண்டது. மழைச் சத்தம் ஒரு கணம் தணிந்தபோது பின்னறையில் அது கேட்டது.

டிக்.

குதிரை பாதி ஏறும் சத்தம்.

டிக்.

முழுதும் ஏறிவிட்டது.

றில்வான் எழுந்தார். கால் நாற்காலியில் தட்டியது. வாய் மகளின் பெயரைச் சொல்லத் திறந்தது.

அதற்குள் விசை இழுபட்டது.

பொத்.

அவ்வளவுதான். வெடி இல்லை, புகை இல்லை. அவர் பின்னறைக்குள் ஓடினார். இருட்டில் அஸ்னா சுவர்க் கண்ணாடிக்கு முன்னால் நின்றிருந்தாள். ஒரு கையில் கைபேசி. துவக்கின் அடிக்கட்டை தரையில், குழல் வாய் அவள் தாடைக்குக் கீழே.

"ஃபொட்டோ ஒன்டு எடுக்கத்தான் வாப்பா," என்றாள். "கால் பெருவிரல் சும்மா பட்டிட்டு... வாப்பா, இங்க ஆரு?"

"ஆரும் இல்ல மகள். அதைக் கீழ வைக்காதீங்க. அசையாதீங்க."

அவர் கிட்டப் போய்க் குழலைத் தம் கையால் விலக்கி, துவக்கை வாங்கிக்கொண்டார். குதிரைக்கும் கேப்புக்கும் நடுவில் கட்டம்போட்ட துண்டு கிடந்தது.

"நான் எடுக்கக்குள்ள துண்டு இருக்கல்ல," என்றாள் அஸ்னா கிசுகிசுப்பாக. "இந்த இரும்பு விழக்குள்ள ஒரு கை வந்த. நடுவுல வைச்ச. ஐஸ் மாதிரி ஈந்த வாப்பா. அவருக்கு நொந்திருக்கும்."

றில்வான் துவக்கை முற்றத்துக்குக் கொண்டுபோய்த் தண்ணீர் ஊற்றி, பிடித்துப்போயிருந்த கேப்பைக் கிளப்பினார். அடியில் செம்பு பளிச்சென்றிருந்தது. வெடிக்காத கேப். கம்பியைக் குழலுக்குள் விட்டார்.

தொப்.

நேற்றுக் கேட்ட அதே சத்தம். அளந்தார். கம்பி நான்கு விரற்கடை எட்டாமல் நின்றது. காய்ச்சலோடு ஆஸ்பத்திரிக்குப் போன அன்று, பன்றிக் காவலுக்கென்று ரெங்கசாமி கெட்டித்து வைத்ததுதான் அப்படியே இருந்திருக்க வேண்டும்.

லயத்தில் அந்தக் குழலுக்குள் தாம் முகத்தை வைத்துப் பார்த்ததை நினைத்தார். அடியில் மினுங்கியது தட்டல்ல, ஈயக்குண்டு.

அந்த மனிதன் கேட்டு வரவில்லை. நேற்று முழுக்கச் சொல்லத்தான் வந்திருக்கிறான். அளந்து பார், அளந்து பார் என்று. தன் பேரைக் குப்பையாக்கியவனின் பிள்ளைக்காகத் தன் கையை நடுவில் வைத்திருக்கிறான்.

பயம் போய்விட்டது. அந்த இடத்தில் வந்ததைத்தான் றில்வானால் தாங்க முடியவில்லை. மழையில் நனைந்தபடி முற்றத்தில் குந்தியிருந்தார். ஜெமீலா குடையோடு வந்து கூப்பிட்டபோது அவள் முகத்தைப் பார்க்கவில்லை. அன்று மஃரிபில் கையேந்தியபோதும் கேட்பதற்கு வாய் வரவில்லை. ஏந்திய கைகளுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டார்.

குழலுக்குள் எண்ணெய் ஊற்றி ஊறவைத்து, கம்பி நுனியில் திருகாணி பூட்டிக் குண்டை உருவினார். மருந்தைத் தண்ணீரில் கரைத்தார். உள்ளே துணி விட்டுத் துடைத்து, மூன்று தரம் அளந்தார்.

காலையில் துவக்கையும் துண்டையும் எடுத்துக்கொண்டு லயத்துக்குப் போனார். பெரட்டில் பேர் பதிந்துவிட்டுக் கொழுந்துக் கூடையோடு கிளம்பிய பெண்கள் அப்படியே நின்றார்கள். ஜெயரூபன் பல் விளக்கிக்கொண்டிருந்தான்.

"என்னா நானா, இரும்புக் கடையிலயும் வேணான்னுட்டானா?"

"நீங்களும் வாங்க தம்பி. எல்லாரும் வாங்க," என்றார் றில்வான். "முந்தா நாள் உங்க எல்லாருக்கும் முன்னால நான் பொய் சொன்னேன். அதை உங்க முன்னாலதான் திருத்தணும்." துவக்கை எல்லாரும் காணும்படி உயர்த்தினார். "ரெங்கசாமி அண்ணன் சொன்னது உண்ம. இந்த மலையில இல்ல, இந்த நாட்டுலயே இப்பிடி ஒன்டு நான் கண்டதில்ல. அவர் அதை வைச்சிருந்த பக்குவத்தையும் கண்டதில்ல. இதுக்கு உரிய வெல இது இல்ல அக்கா, நான் தந்தது. கொழும்புக்காரரை உங்களோடயே பேச வைக்கிறேன்."

பெரியாயி படியில் உட்கார்ந்துவிட்டாள். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அழுகைக்குள் சிரிப்பும் இருந்தது.

"பாருங்க தம்பி," என்று றில்வான் கைபேசி விளக்கைக் குழல் வாயில் பிடித்தார். "உள்ளுக்கு வரி தெரியுதா? துரு ஒரு பொட்டு இருக்கா?"

ஜெயரூபன் குனிந்து பார்த்தான். சிரிப்பு அடங்கியது. மெல்ல நிமிர்ந்தான்.

"வரி தெரியுது. அடியில..." மறுபடி குனிந்தான். "அடியில யாரோ பாக்குற மாதிரி இருக்கு நானா. கண்ணு மாதிரி."

றில்வான் கம்பியைப் பிடுங்கி உள்ளே விட்டார்.

டிங்.

குழல் வெறுமை.

"அவருதான்," என்றாள் பெரியாயி கண்ணைத் துடைத்தபடி, ஏதோ பக்கத்து வீட்டு ஆளைச் சொல்வதுபோல. "அவரு சாமானப் பத்திப் பேசுனா எங்க இருந்தாலும் வந்துருவாரு."

பிறகு றில்வான் துண்டைப் பற்றிச் சொன்னார். வீசியதையும், அது திரும்பி வந்ததையும், அஸ்னாவையும், அந்தக் கையையும். சொல்லும்போது நிலத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ஏசட்டும் என்று காத்திருந்தார். அவள் கேட்டது ஒன்றைத்தான்.

"பிள்ள பயந்துருச்சா நானா? இப்ப நல்லாருக்கா?"

அவர் தலையசைத்தார். அவள் ஏசியிருந்தால் லேசாக இருந்திருக்கும்.

துண்டை அவரிடமே திருப்பிக் கொடுத்தாள். குதிரை விழுந்த இடத்தில் ஒரு கறுத்த தழும்பு இருந்தது. "நீங்களே வெச்சுக்கங்க. பிள்ள இருக்கிற வீடு."

துவக்கு முறைப்படி கொழும்புக்குப் போய்விட்டது. துண்டைத் துவைத்துக் காயவைத்து, பின்னறையில் ஓர் ஆணியில் தொங்கவிட்டார் றில்வான்.

சில மாதம் கழித்து, பண்டாரவளையிலிருந்து லரீபா என்றொரு பெண் பழைய பித்தளைக் கிண்டியோடு கடைக்கு வந்தாள். கணவர் மௌத்தாகி, துக்கம் காக்கும் இத்தா முடிந்த முகம். "அவர்ட உம்மாட சாமான். நல்லதா நானா?" என்றாள். றில்வான் திருப்பிப் பார்த்தார். அருமையான வேலைப்பாடு. எதிரே நிற்பவளுக்கு ஒன்றும் தெரியவில்லை என்பதும் தெரிந்தது. முப்பது வருடப் பழக்கம். நாக்கு தானாகப் புரண்டது.

"இதுல ஒன்டும்..."

தொப்.

லரீபா திடுக்கிட்டுப் பின்னறைப் பக்கம் பார்த்தாள். "உள்ளுக்கு ஆரும் ஈக்கிறா?"

றில்வானுக்குக் காது மடல் வரை சுட்டது. "இதுல ஒன்டும் குறையில்ல தங்கச்சி," என்றார். "நல்ல சாமான். சரியான நல்ல சாமான்."

அவள் போனதும் எழுந்து பின்னறைக் கதவைத் திறந்தார். அங்கே துவக்கும் இல்லை, கம்பியும் இல்லை. பீடி வாடை மட்டும் இருந்தது. யன்னலுக்கு வெளியே பதுளை முழுக்க நல்ல வெயில்.

ஆணியில் தொங்கிய துண்டிலிருந்து நீர் சொட்டிக்கொண்டிருந்தது. யாரோ அதில் இரட்டை முடிச்சுப் போட்டிருந்தார்கள்.